பசியும் பொய்யா? அத்வைதமும் மலையகமும்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், உயர்தரப் பரீட்சைக்கு இந்து நாகரிகம் எடுத்த பிள்ளைகளிடம் அத்வைதம் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். ஹட்டனோ பண்டாரவளையோ, பதில் ஒரே மாதிரித்தான் வரும். சங்கரர் சொன்னது, பிரம்மம் சத்தியம், உலகம் மித்தை, சீவனும் பிரம்மமும் வேறல்ல. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே பிள்ளை வீட்டுக்குப் போய், மலையிலிருந்து இறங்கி வந்து இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "உலகமே பொய்யாம்மா" என்று சொன்னால் அம்மா என்ன கேட்பார்? "அப்ப நம்ம பசியும் பொய்யா?"

நியாயமான கேள்வி. மலையகத்தில் அத்வைதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இது ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும். தொழிற்சங்கக்காரர் கேட்பார், இளம் ஆசிரியர் கேட்பார். இரண்டு நூற்றாண்டாகப் பொறுத்துக்கொண்ட சனங்களை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற தத்துவம்தானே இது என்ற சந்தேகம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எனக்கு இந்தத் தத்துவத்தின் மேல் ஆழ்ந்த பற்று உண்டு. அதனாலேயே இந்தச் சந்தேகத்தைத் தட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் சங்கரரிடமே போவோம். அவர் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வேதாந்தத்தின் மூல நூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இடம் வருகிறது. வெளியுலகம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் உள்ளே எழும் அறிவின் தோற்றமே என்று வாதிட்ட பௌத்த விஞ்ஞானவாதிகளை அங்கே அவர் மறுக்கிறார். தூணும் சுவரும் குடமும் துணியும் கண்முன் தெரிகின்றன. தெரிகிறதை இல்லை என்பது, சாப்பிட்டு வயிறு நிறைந்த ஒருவன் ‘நான் சாப்பிடவுமில்லை, எனக்கு வயிறு நிறையவுமில்லை’ என்பது போல என்கிறார். சாப்பாட்டை வைத்தே அவர் வாதாடியிருக்கிறார். பசி பொய் என்று சொன்னவர் அவரில்லை.

அப்போது மித்தை என்பது என்ன? முயற்கொம்பு எங்கும் எப்போதும் தெரிவதில்லை. அதை அசத்து என்பார்கள். எந்த நிலையிலும் மறுக்க முடியாதது சத்து. இந்த இரண்டிலும் சேராமல், தெரிகிறது, வேலையும் செய்கிறது, ஆனால் தன் காலில் தானே நிற்கவில்லை என்றிருக்கிறதே, அதுதான் மித்தை. அந்திக் கருக்கலில் தேயிலைக்கு இடையே இறங்கி வருகிறீர்கள். குறுக்குப் பாதையில் யாரோ போட்டுவிட்டுப் போன கூடைக் கயிறு கிடக்கிறது. பாம்பு என்று நினைத்துத் துள்ளி விழுகிறீர்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது பொய்யில்லை, கால் சறுக்கி முழங்கால் பெயர்ந்ததும் பொய்யில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பாம்பு எங்கும் ஓடவில்லை. அது இருந்ததே இல்லை. ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது, கயிறு கிடக்கிறது. கயிற்றையும் பாம்பையும் வைத்துச் சொல்லும் இந்தப் பழைய உவமையில் பலரும் பாம்பைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விட்டுவிடுகிறார்கள். அத்வைதம் காட்ட வருவது கயிற்றைத்தான்.

அத்வைத மரபு உண்மையை மூன்று தளங்களில் வைத்துப் பேசும். கயிற்றில் பாம்பு, கனவு போன்றவை பிராதிபாசிகம். நாம் எழுந்து நடந்து உழைத்துச் சாப்பிட்டுச் சண்டை போடும் உலகம் வியாவகாரிகம். எதனாலும் மறுக்கப்படாதது பாரமார்த்திகம். சம்பளம், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடு, காணி, சட்டம் எல்லாம் நடுவில் சொன்ன வியாவகாரிகத்தில் இருக்கின்றன. அந்தத் தளத்தில் பசி பசிதான், அதற்கு மருந்து சோறுதான். கனவில் சாப்பிட்ட விருந்து விழித்த பிறகு வயிற்றை நிரப்பாது. அதே போல விழிப்பில் இருக்கும் பசிக்கு ‘நான் பிரம்மம்’ என்ற வாக்கியம் சோறாகாது. ஒரு தளத்துக் கேள்விக்கு இன்னொரு தளத்துப் பதிலைக் கொடுப்பவர் அத்வைதம் பேசவில்லை, ஆளை ஏமாற்றுகிறார். ‘எல்லாம் மாயை’ என்று சொல்லி ஒரு கூலிக் கோரிக்கையை யாராவது மழுப்பினால் அவரைத் தத்துவத்தைக் கொண்டே மடக்கலாம்.

சரி, அத்வைதம் எதைத் தவறு என்கிறது? உலகத்தை விட ‘நான்’ என்பதைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தைத்தான். பிரம்ம சூத்திர உரையின் முன்னுரையில் சங்கரர் இதை விரித்துச் சொல்கிறார். உடம்பின் தன்மைகளை எடுத்து ‘நான் பருத்தவன், நான் மெலிந்தவன், நான் நிற்கிறேன், நான் போகிறேன்’ என்கிறோம். பிள்ளைக்கும் மனைவிக்கும் ஒரு குறை என்றால் நமக்கே குறை வந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ஒன்றின் மேல் இன்னொன்றின் தன்மையை ஏற்றுவதற்கு அவர் வைத்த பெயர் அத்தியாசம். இது ஆராய்ச்சி செய்து செய்கிற பிழை இல்லை. பிறந்தது முதல் எல்லோரும் இயல்பாகச் செய்வது.

இந்த இடம் வரும்போது எனக்கு மலையகத்தின் நினைவு வராமல் இருப்பதில்லை. சாயங்கால நிறுவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டுகிறார்கள். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. மிச்சம் தோட்டம் வைத்த அளவுக்கு வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். பனியில் கையெல்லாம் விறைக்க நாள் முழுக்க நின்றவர் வீடு வந்து, "இன்னைக்கு நான் அரைப் பேரு" என்று சொல்கிறார். குறைந்தது நாட்கூலி. ஆனால் குறைந்த முகத்தோடு வந்து நிற்பவர் அவர். புத்தகத்தில் விழுந்த கோடு ஆள் மேல் ஏறிவிட்டது.

தினசரி நடப்பது இது. இதற்கு மேல் அரசுகளும் எழுதின. ஆள் திரட்டிக் கொண்டுவந்து மேய்த்த பெருங்கங்காணிகளின் காலத்தில் ஓர் ஆள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியுமா என்பதைக் கடன் தொகை எழுதிய துண்டு தீர்மானித்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டங்கள் பிரிந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. கூலி, கள்ளத்தோணி, நாடற்றவன், இந்தியாக்காரன் என்று மேலே ஏற்றப்பட்ட பெயர்களைப் பேரப்பிள்ளைகள் வரை சுமந்த சமூகத்துக்கு ‘அத்தியாசம்’ என்றால் என்னவென்று விளக்க அதிக நேரம் தேவைப்படாது.

ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டால் அத்வைதத்தைப் பாதியில் விட்டதாகிவிடும். இழிவான பெயர்களை மட்டும் அது கழற்றச் சொல்லவில்லை. ஆசிரியர், டாக்டர், தலைவர், உயர்ந்த சாதி, படித்தவன் என்ற பெருமைகளையும் அதே கணக்கில்தான் வைக்கிறது. நாம் போராடிப் பெற்ற மலையகத் தமிழர் என்ற அடையாளத்தையும் கூட. இது சிலருக்குக் கசக்கும். என் எண்ணம் என்னவென்றால், அந்த அடையாளம் வியாவகாரிகத்தில் அவசியமானது. காணிக்கும் கல்விக்கும் சம்பளத்துக்கும் அதை வைத்துத்தான் பேச வேண்டும். அது ஒருவரின் உரிமைக் கணக்கு. அந்தக் கணக்கை யார் பார்க்கிறார் என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு உபநிடதங்கள் எடுத்துக்கொண்ட சான்று தூக்கம். மாண்டூக்கிய உபநிடதம் பன்னிரண்டே மந்திரங்களில் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், இவை மூன்றுக்கும் ஆதாரமான துரியம் என்று நான்கையும் சொல்லி முடிக்கிறது. பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் ஜனகருக்கு உறக்கத்தை விவரிக்கும்போது, அங்கே தந்தை தந்தையல்ல, தாய் தாயல்ல, திருடன் திருடனல்ல, சண்டாளன் சண்டாளனல்ல என்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தூங்கினாலும் சரி, துரையின் பங்களாவில் தூங்கினாலும் சரி, ஆழ்ந்து தூங்கியவருக்கு லயமும் இல்லை பங்களாவும் இல்லை. பெயர் இல்லை, தொழில் இல்லை, சாதி இல்லை, கடன் இல்லை. இருந்தும் காலையில் எழுந்து "நல்லாத் தூங்கிட்டேன், ஒண்ணும் தெரியல" என்கிறோம். ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு இருந்தது எது? நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. விழித்த பிறகு ஊகித்துச் சொல்வதே அது, நினைவு இல்லை என்று வாதாடினார்கள். அந்தச் சண்டை நூற்றாண்டுகள் நடந்தது. அத்வைதிகளின் பதில், தூங்கியவனும் விழித்தவனும் ஒருவனே என்று எவரும் ஐயப்படுவதில்லையே, அந்தத் தொடர்ச்சியைக் கொடுப்பது எது என்று பார் என்பது. எனக்கு இந்தப் பதில் பலமானதாகவே தெரிகிறது. உடம்பும் பெயரும் மனமும் தலைகாட்டாத நேரத்திலும் நான் இல்லாமல் போய்விட்டதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இப்போது சங்கரரிடம் ஒரு வழக்கு இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. சண்டாளன் சண்டாளனல்ல என்ற உபநிடதத்துக்கு உரை எழுதிய அதே ஆசிரியர், பிரம்ம சூத்திர உரையின் முதல் அத்தியாயத்தில் சூத்திரர்களுக்கு வேதம் படிக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறார். விதுரர், தரும வியாதன் போன்றவர்கள் ஞானம் பெற்றதை ஏற்கிறார், இதிகாச புராணங்கள் வழியாக எல்லோரும் அறியலாம் என்றும் சொல்கிறார். ஆனாலும் வேதக் கதவு மூடியே இருக்கிறது. காசியில் ஒரு சண்டாளனைச் சந்தித்து, ஞானி எந்தக் குலத்தவனானாலும் அவனே என் குரு என்று பாடியதாக மனீஷா பஞ்சகம் அவர் பெயரில் வழங்குகிறது. முன்னதை எழுதியவரும் பின்னதைப் பாடியவரும் எப்படி ஒருவரானார் என்று மரபுதான் பதில் சொல்ல வேண்டும். லயத்துக்கு லயம் சாதி பார்த்துக் குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் இதைக் கேட்டால் கோபப்படக் கூடாது. உரை தடுத்த இடத்தைத் தத்துவம் தாண்டிப் போகிறது என்பதே என் நிலை.

தமிழில் அந்தத் தாண்டல் தெளிவாக நடந்தது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் குருவும் சீடனும் பேசிக்கொள்வதாக, சமஸ்கிருதம் தெரியாதவரும் பின்தொடரும்படி அத்வைதத்தைச் சொன்னது. தாயுமானவர் பாடல்களைக் கோயிலில் பாடுகிறோம். திருமூலர் அதற்கும் வெகு முன்பே ‘தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை, தன்னை அறியாமல் தானே கெடுகின்றான்’ என்று நேராகச் சொல்லிவிட்டார்.

இந்த வரிசையில் எல்லோருக்கும் மிக எளிதாகக் கதவைத் திறந்து வைத்தவர் ரமணர். 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம், மதுரையில் பதினாறு வயதுப் பள்ளி மாணவனாக இருந்தபோது, காரணமில்லாமல் மரண பயம் வந்தது. ஓடி யாரையும் கூப்பிடவில்லை. தரையில் பிணம் போலப் படுத்து, இந்த உடம்பு செத்துவிட்டது, இதோடு நானும் செத்தேனா என்று பார்த்தார். உடம்பைத் தாண்டி ‘நான்’ என்பது உயிர்ப்போடு நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் திகதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசாங்க ஊழியர் மலைக்குகையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி ‘நான் யார்?’. அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே பிறகு அந்தப் பெயரில் சிறு நூலாயின.

விசாரம் என்று சொல்லும் அவருடைய முறை இதுதான். ஓர் எண்ணம் எழுகிறது. அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு. அந்த நான் யார்? இப்படிக் கேட்டதும் கவனம் எண்ணத்தை விட்டு, எண்ணுகிறவன் பக்கம் திரும்புகிறது. திரும்பத் திரும்ப அதையே செய்வது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டில் எல்லோர் முன்னாலும் ஒருவர் உங்களைக் கேவலமாகப் பேசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மலை ஏறும் வழி முழுவதும் மனம் அதையே அரைக்கும்: ‘அவன் எப்படி என்னைச் சொல்லலாம்?’ விசாரம் அந்த ‘என்னை’ என்ற இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறது. அடிபட்டது எது? உடம்பில் காயம் இல்லை. பெயரா? ஊரில் இருக்கும் மதிப்பா? அவை எனக்குத் தெரிகின்றன. தெரிந்துகொள்ளும் நான் எங்கே இருக்கிறேன்? பேசியவர் மேல் சங்கத்தில் புகார் கொடுப்பதா இல்லையா என்பதை இது தீர்மானிக்காது. கொடுக்க வேண்டியதென்றால் கொடுக்கத்தான் வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் போல உருப்போடுவது. இன்னொன்று, ‘நான் பிரம்மம்’ என்று புத்தகப் பதிலைச் சொல்லிக் கேள்வியை மூடிவிடுவது. ரமணர் இரண்டையும் விசாரம் என்று ஏற்கவில்லை. ‘நான் யார்’ என்ற நினைவு மற்ற எல்லா நினைவுகளையும் அழித்து, பிணம் சுடும் தடி போல முடிவில் தானும் அழிந்துபோகும் என்றார். பதிலாக ஒரு வாக்கியம் கையில் மிஞ்சினால் தடி இன்னும் எரியவில்லை என்று அர்த்தம். சாந்தோக்கியத்தில் சுவேதகேதுவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டு வேதமெல்லாம் படித்துத் தலை நிமிர்ந்து வந்த மகனை உத்தாலகர் உட்கார வைத்து, ‘அது நீயே’ என்று ஒன்பது முறை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த விசாரத்துக்கு வடமொழி வேண்டாம், தட்சணை வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். வீட்டைத் துறந்து வந்துவிடுகிறேன் என்றவர்களை ரமணர் பெரும்பாலும் திருப்பியே அனுப்பினார். ஓய்வே கிடைக்காத சனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அத்வைதம் ஆளைச் செயலற்றவனாக்கிவிடும் என்ற பயத்துக்கு வருவோம். நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924) வேதாந்தத்தில் ஊறியவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஞானி ஒருவரைக் குருவாகக் கொண்டவர், ஞானவாசிட்டப் பகுதிகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். அதே மனிதர்தான் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தினார். தோட்டத் தொழிலாளர் வேலையை விட்டுப் போனால் சிறை என்றிருந்த சட்டத்தை எதிர்த்தார். 1919இல் பெரி. சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். கடன் தொகை எழுதிய அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்று படித்தவர் அந்தப் படிப்போடு தொழிலாளர் பக்கம் போய் நின்றார். அவருக்கு முன்னால், 1897 ஜனவரியில், மேற்கிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் போனார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் லண்டனில், வேதாந்தம் அன்றாட வாழ்வில் செயலாக வேண்டும் என்று நான்கு சொற்பொழிவுகள் ஆற்றியிருந்தார்.

இன்று மலையகத்தில் அத்வைதத்தின் தடங்கள் உண்டு. றம்பொடையில் கொத்மலைப் பக்கம் பார்த்து நிற்கும் அனுமன் கோயில், 1953இல் தொடங்கிய வேதாந்த அமைப்பான சின்மயா மிஷனுடையது. படமெடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்களோ தெரியவில்லை. நாவலப்பிட்டிப் பக்கம் குயின்ஸ்பெரித் தோட்டத்தில் நவநாத சித்தர் நினைவு இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் சைவநெறி படிக்கிறோம்; இலங்கைச் சைவத்தின் முதுகெலும்பு சைவ சித்தாந்தம். அது அத்வைதம் என்ற சொல்லையே வேறு விதமாகப் படிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார், அத்துவிதம் என்பது ‘ஒன்று’ என்ற பொருளில் வரவில்லை, பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதையே குறிக்கிறது என்றார். பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற தளை மூன்றும் அநாதி. உயிர் சிவனாகிவிடுவதில்லை; மலம் நீங்கிச் சிவனடியில் நிற்கிறது. சங்கரர் வழியில் சேருவதற்கே இரண்டு இல்லை. அறியாமை போனால் இருந்தது தெரிகிறது, அவ்வளவுதான். மேடையில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று இரண்டையும் கலந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. அது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. நல்லூர் யோகர் சுவாமிகள் (1872-1964) சிவத்தொண்டும் பேசினார், ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்றும் சொன்னார். இரண்டையும் வாழ்ந்து காட்டிய பிறகு பேசினார்.

கடைசியாகத் தோட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்: அப்படியென்றால் மாரியம்மன் திருவிழாவை விட வேண்டுமா, காவடி எடுக்கக் கூடாதா? ரமணர் வீட்டை விட்டுப் புறப்படும் முன் அவரை உலுக்கிய புத்தகம் பெரிய புராணம். மரண அனுபவத்துக்குப் பிறகு மதுரை மீனாட்சி கோயிலுக்கு அடிக்கடி போய்க் கண்ணீர் விட்டு நின்றார். அவர் எழுதிய அட்சரமணமாலை, நூற்றெட்டுக் கண்ணிகளிலும் அருணாசலத்தை அழைக்கும் பாட்டு. அடியார்கள் பிட்சைக்குப் போகும்போது அதைப் பாடிக்கொண்டு போனார்கள். விசாரம் முடியாதவர்களுக்குச் சரணாகதி என்று அவரே இரண்டு வழி வைத்தார். காவடி எடுக்கலாம், கரகம் பாலிக்கலாம். ‘நான் எடுக்கிறேன்’ என்ற அந்த நான் யார் என்று தோள் வலிக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.